பற்று விட்ட உயிரணு

‘லூமுட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்பது பொருள். பேராவின் கடற்கரையில் உள்ள அத்துறைமுகத்தைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வந்த தமிழர், வெற்றிலைப் பையையும் உடன் கொணர்ந்தனர். அப்பழக்கத்தோடு வாய்ப்புற்றும் வந்தது. மலேசியாவில் இந்நோய் இந்தியரிடையே மிகுதி என்பது மருத்துவர் பலர் பதிவு செய்த உண்மை.

இதன் காரணம் தமிழர் வாழும் மண்ணிலேயே முன்னரே ஆராயப்பட்டது. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

கன்னத்தில் தோன்றிய புற்று அங்கேயே நின்றிருந்தால் கத்தியால் நீக்கிவிடலாம். அது கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கு இறங்கும்போதுதான் கொடிதாகிறது. ஓரிடத்து உயிரணு ஊர் சுற்றப் புறப்படுவது எங்ஙனம்?

1889-இல் இலண்டன் அறிஞர் ஸ்டீபன் பேஜெட், புற்றணுவை விதைக்கும், அது சென்று தங்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதை காம்பை விட்டு உதிர்வது ஏன் என்பதை அவர் விளக்கவில்லை. 1944-இல் அமெரிக்காவின் கோமன் நுண்ணூசியால் உயிரணுக்களை இணை இணையாகப் பிரித்துப் பார்த்தார். இயல்பான தோலணுக்களைப் பிரிக்க வேண்டிய வலிமையைவிட, செதிள் புற்றின் அணுக்களைப் பிரிக்க மிகக் குறைந்த வலிமையே போதுமாயிற்று. வாய்ப்புற்றில் பெரும்பாலானவை இவ்வகையே என்பதை நினைவிற்கொள்க.

அப்பற்றின் பொருள் யாது என்பது பின்னரே புலனாயிற்று. கால்சியம் இருக்கும்போது மட்டும் அணுக்களை ஒட்டவைக்கும் புரதத்திற்கு, 1984-இல் ஜப்பானிய அறிஞர் தக்கெய்ச்சியும் அவர் குழுவினரும் ‘கேட்ஹெரின்’ எனப் பெயரிட்டனர். (வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு உதவும் என எண்ணவேண்டா; அது வாயைப் புண்ணாக்குவதே.) 1986-இல் பெயர் பெற்ற ‘இன்டெக்ரின்’ என்பது வேறு வகை. அது அணுவை அதன் அண்டையணுவோடன்றிச் சுற்றியுள்ள நார்ப்பொருளோடு பிணைக்கும். நகரும் அணு முன்புறம் பற்றிப் பின்புறம் விட்டுச் செல்கிறது. பிடி மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் நகர்ச்சி நின்றுவிடும்.

1991-இல் ஆய்வகத்தில் புற்றணுக்களுக்கு ஈ-கேட்ஹெரினை மீட்டளித்தபோது அவற்றின் ஊடுருவல் குறைந்தது. வாய்ப்புற்றிலும் இப்புரதம் குன்றியோரிடத்தே கழுத்துக் கணுக்களில் நோய் பரவல் மிகுதியாகக் காணப்பட்டது. கதை இத்துடன் முடிந்தது என்றே பலர் கருதினர். ஆனால் 2019-இல் வீணா பத்மநாபன் முதலானோர் சுண்டெலிகளின் மார்பகப் புற்றை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. ஈ-கேட்ஹெரினை இழந்த அணுக்கள் மிகுதியாக ஊடுருவின; ஆயினும் வழியிலேயே பெரும்பாலும் மடிந்தன. தொலைவுறுப்பில் வேரூன்றியவை அப்புரதத்தை இழக்காதவையே. பற்று விட்டால் புறப்படலாம். பிழைத்திருக்கவோ அதே பற்று வேண்டியிருக்கிறது. ஆகவே, அதனைப் பெருக்குவதா குறைப்பதா என்பதை மருந்து ஆய்வோர் ஒவ்வொரு புற்றுக்கும் தனித்தே காணவேண்டியுள்ளது.