ஆவணம்

அலுவலகங்களில் இப்போது ஒரு மின்னஞ்சலை ‘ஆர்க்கைவ் பண்ணியாச்சு’ என்றால், கண்ணில் படாமல் ஒதுக்கியாச்சு என்று பொருள். ‘ஆர்க்கைவ்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல் ‘அர்க்கேயோன்’ ஆட்சியாளரின் மாளிகையைக் குறித்தது. பிறகுதான் அங்கே வைத்த ஏடுகளுக்கும் பெயரானது. நம் ‘ஆவணம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் அங்காடி, உரிமைச்சீட்டு என்னும் இரு பொருளும் அருகருகே நிற்கின்றன. அகநானூற்றில் ஓலைக் குடத்தின் முத்திரையைப் பார்த்துத் திறப்பவர்கள் ‘ஆவண மாக்கள்’. சோழர் கல்வெட்டுகளில் நில விற்பனையைப் பதியும் இடம் ‘ஆவணக்களரி’. பெரியபுராணத்தில், தன்னை அடிமை என்று வழக்காடிய முதியவரிடமிருந்து பிடுங்கிச் சுந்தரர் கிழித்தது படியோலை. மூல ஓலை தப்பியதால் வழக்கில் முதியவர் வென்றார். அங்காடி, உரிமைச்சீட்டு என இரண்டையும் குறிப்பதால், ஓவியக்கூடங்களின் பழைய தாள்களுக்கு ‘ஆவணம்’ என்ற சொல் எனக்கு மிகப் பிடிக்கிறது. ஒளிப்பட நடப்பியல் ஓவியர் ரிச்சர்ட் எஸ்டெஸின் முதல் தனிக்காட்சி 1968இல் நியூயார்க்கின் ஆலன் ஸ்டோன் கூடத்தில் நடந்தது. அத்தகைய கூடம் கடையும்தானே? விற்பனைச் சீட்டு, கடிதம், படத்தின் ஒளிப்படம் ஆகியவைதான் பின்னாளில் ‘இது மூலமா, போலியா, யார் கையிலிருந்து யாருக்குப் போனது’ என்பதற்குச் சாட்சி. 1954இல் டெட்ராய்டில் தொடங்கி, 1970 முதல் ஸ்மித்சோனியனில் இயங்கும் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம் இத்தகைய தாள்களைச் சேர்த்து வைக்கிறது. தாள்களை ‘ஆவணத் தொகுதி’ என்றும் அவை இருக்கும் இடத்தை ‘ஆவணக் காப்பகம்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். வெறும் ‘காப்பகம்’ போதாது. முதியோர் காப்பகம் நினைவுக்கு வருகிறது.