வைரம்

'செல்' என்றால் சிற்றறை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து இட்ட பெயர். அவர் கண்டது உயிர் போனபின் எஞ்சிய சுவர்களைத்தான்.

மரத்தில் சாவும் ஒரு வேலை. நீரேற்றும் குழாய்ச் செல்கள் சுவரைத் தடிப்பாக்கி, உள்ளிருப்பதைக் கரைத்து, செத்த பிறகே தண்ணீர் கடத்துகின்றன. பக்கத்துச் சேமிப்புச் செல்கள் பல காலம் உயிரோடிருந்து, கடைசியில் நிறமும் மணமும் சுரந்துவிட்டு மடிகின்றன. சந்தனத்தில் அது எண்ணெய். செம்மரத்தில் சாண்டலின் என்ற சிவப்பு.

ஜவ்வாது மலையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதத்தான் வைரம் பாஞ்சதுன்றோம். வெளிக்கட்டைக்கு எவன் காசு தர்றான்?" என்றார்.

வரலாறும் வைரத்தைத் தேடியே வந்தது. மைசூரில் திப்பு 1792இல் சந்தனத்தை அரசுடைமையாக்கினார். 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக்க வழிசெய்தது. தன் மலையிலேயே மலையாளிப் பழங்குடி அத்துமீறுபவன் ஆனான். சந்தனம் அருகியது, ஆந்திரச் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. தாக்க வந்தார்கள் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள்.

சமூகத்தை உடம்பென்று சொல்லி, அவனவனுக்கு அவனவன் வேலை என்பவர்களை நான் நம்புவதில்லை. செத்த செல் தன் மரத்தையே தாங்கி நிற்கிறது. செத்துப்போன இருபது பேரும் யாருடைய மரத்தைத் தாங்கினார்கள்?