கழுத்துக் கட்டிக்கு ஊர் எது?

மூலக்கட்டிக்கு 'டி', நெறிக்கட்டிக்கு 'என்', பரவலுக்கு 'எம்' என்று புற்றுநோய்க்கு மூன்றெழுத்துக் கணக்கு வகுத்தவர் பிரான்சின் பியர் டெனுவா (1943-52). சரி, கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறது, வாய், தொண்டை எங்கு தேடியும் மூலக்கட்டி அகப்படவில்லை... 'டி'க்கு என்ன போடுவது? பூஜ்யம்!

மாதவரத்திலிருந்து ஒருவர் 3 செ.மீ.க்குட்பட்ட ஒரே கட்டியோடு, முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார் என்று வையுங்கள். பழைய கணக்கில் வழக்கமாக மூன்றாம் நிலை. 2018ல் அமெரிக்காவில் அமலான எட்டாம் பதிப்பு கட்டியிலேயே பி16 புரதத்தைத் தேடச் சொன்னது. ஹெச்.பி.வி. வைரஸின் அந்தத் தடயம் இருந்தால் மூலம் நடுத்தொண்டை என்று கொண்டு, முதல் நிலை. கட்டி என்னவோ அதே கட்டிதான்!

ஆனால் நம்மூரில் புகையிலைக் கேஸ்கள்தானே அதிகம். வைரஸ் தடயமில்லாத கட்டிக்கு அந்தப் பதிப்பிலும் மூன்றாம் நிலைதான்.