நாறுகிற பூ

இரண்டு நாளாக வீட்டில் எலி செத்த வாடை. அரிசி மூட்டையை நகர்த்தினோம், பரணைக் காலி செய்தோம். கடைசியில் அம்மா கண்டுபிடித்தது கொல்லைச் சுவரோரம். போன வருஷம் தோண்டாமல் விட்ட சேனைக்கிழங்கு பூத்திருந்தது. இலையே இல்லை, மண்ணை ஒட்டிக் கருஞ்சிவப்பு மடல், நடுவே சுருக்கம் விழுந்த காளான் மாதிரி ஒரு கொண்டை.

"பூவாடா இது? என்னா நாத்தம்!"

அந்த 'நாத்த'த்துக்கு ஒரு காலத்தில் இந்தக் கெட்ட பெயர் கிடையாது. ஐம்புலன்களை எண்ணும் திருக்குறள், மூக்குக்கு உரியதை நாற்றம் என்றே சொல்கிறது. ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்கும்போது கற்பூரமும் தாமரையும் 'நாறு'கின்றன. நாறு என்றால் முளைப்பதும்தான். வயலில் நடுகிற நாற்று அந்த வழியில் வந்தது. உள்ளே இருப்பது வெளியே தலைகாட்டுவதுதான் நாறுதல் என்று எனக்குப் படுகிறது. பிறகு மணமும் வாசனையும் நல்லதையெல்லாம் எடுத்துக்கொள்ள, நாற்றத்துக்கு மிஞ்சியது சாக்கடை. 'துர்நாற்றம்' இதற்குச் சாட்சி. நாற்றமே கெட்டதென்றால் முன்னால் 'துர்' எதற்கு?

பீநாறி என்றொரு மரம் உண்டு. இலையுதிர்ந்த கிளையில் மங்கிய சிவப்பாய்ப் பூக்கும்போது அதன் அடியில் நின்றவருக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ஸ்டெர்குலியா ஃபீட்டிடா என்று பெயரிட்டார். லத்தீனில் ஸ்டெர்கஸ் என்றால் சாணம், ஃபீட்டிடா என்றால் நாறுவது. பீநாறியை அப்படியே லத்தீனில் எழுதியது போல! (காயைப் பார்த்து வைத்த குதிரைப்பிடுக்கு என்ற பெயரும் இதற்கு உண்டு. அதை நான் விளக்கப்போவதில்லை.)

சேனைப்பூ நாறுவது நமக்காக அல்ல, அழுகலும் சாணமும் தேடித் திரியும் வண்டுகளுக்காக. முதல் நாள் அடியிலுள்ள பெண்பூக்கள் தயாராக இருக்கும். கொண்டை சூடேறும், அந்தச் சூட்டில் கந்தகச் சேர்மங்கள் ஆவியாகித் தூரம் போகும். அழுகும் இறைச்சியிலிருந்து கிளம்புவதும் அதே வகைச் சேர்மங்கள்தான். வண்டு மடலுக்குள் இறங்கினால் இறைச்சியைக் காணோம். மறுநாள் நாற்றம் தணிய, மேலேயுள்ள ஆண்பூக்கள் மகரந்தத்தைக் கொட்டும். பொடி பூசிக்கொண்டு வெளியேறுகிற வண்டு, நேற்று ஏமாந்தும் புத்தி வராமல், புதிதாக நாறும் இன்னொரு பூவுக்குள் இறங்கும். அதைப் பொறுத்தவரை நாற்றம் இன்னும் ஆண்டாள் காலத்துச் சொல்.

மூன்றாம் நாள் குனிந்து முகர்ந்து பார்த்தேன். மடல் சுருண்டு கிடந்தது, ஒன்றும் நாறவில்லை. கையை எடுத்தபோது விரலெல்லாம் மகரந்தம்.