ஏற்காட்டில் வீட்டு மீன் தொட்டி

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மீன் தொட்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குளிரை. சேலத்திலோ சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலோ சொல்லப்படும் கணக்கு சமவெளி வீடுகளுக்குப் பொருந்தும். மலையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 13 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் போன்றவை 24 முதல் 28 டிகிரி வரை சூடுள்ள நீருக்குப் பழகியவை. எனவே என்ன மீன் என்று முடிவு செய்த பிறகே தொட்டியின் அளவை முடிவு செய்ய முடியும்.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். கடல்மட்டத்தில் 28 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் 20 டிகிரி நீரும் ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் தாங்கும். குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரைவதால் உயரத்தால் வரும் இழப்பு ஈடாகிவிடுகிறது. அதே நீரை ஹீட்டர் வைத்து 27 டிகிரிக்குச் சூடாக்கினால் அளவு 6.6 அருகே விழும். ஆகவே ஏற்காட்டில் ஹீட்டர் போட்ட தொட்டிக்கு ஏர் பம்ப் கட்டாயம். மீன்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிஜன் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் வழியாகவே இறங்குவதால், தொட்டியின் உயரத்தைவிட அகலத்துக்கே மதிப்பு அதிகம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டர் கொள்ளும். அதை நிமிர்த்தி வைத்தாற்போல் இரண்டடி உயரத்தில் வாங்கினால் நீர் அதே அளவு, பரப்போ பாதி. வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பும் குறைவு, நீரும் குறைவு. இரவில் அது சீக்கிரம் குளிர்ந்து, பகலில் சீக்கிரம் சூடேறும். இந்த ஏற்ற இறக்கத்தை எந்த மீனும் நெடுநாள் தாங்காது. ஏற்காட்டில் கிண்ணம் வாங்கவே கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் போகும் நேரத்திலும் பெரிய தொட்டியே சூட்டைக் காத்து நிற்கும்.

ஹீட்டர் இல்லாமல் வளர்க்க நினைப்போருக்கு நல்ல வழி உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில் வாழும் ஜீப்ரா மீனும், ரோசி பார்பும் 18 டிகிரியில் நலமாக இருக்கும். தங்கமீனும் குளிர்நீர் மீன்தான், ஆனால் அது பெரிதாக வளர்ந்து நீரை வெகுவாக அழுக்காக்கும். இரண்டு தங்கமீனுக்கு நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். வீட்டுக்குள்ளேயே 15 டிகிரி வரை இறங்கும் அறையில் வெப்ப மீன்களை வைத்தால், 56 லிட்டர் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் தேவைப்படும்.

மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி 190 லிட்டர். கண்ணாடி, கூழாங்கல் சேர்த்தால் 220 கிலோவைத் தாண்டும். மரத்தூள் பலகையாலான மேசை மலைக்காட்டு ஈரத்தில் ஊறி உப்பிவிடும். இரும்புச் சட்டமோ சுவரையொட்டிய கல் திண்ணையோ நல்லது. அடியில் தெர்மோகோல் விரித்தால் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை உடைக்காது.

கடையில் தொட்டியின் மூலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலிகான் கோட்டில் காற்றுக் குமிழ்கள் ஓடியிருந்தால் கசிவு அங்கேதான் தொடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த தொட்டியை நாளிதழ்மேல் வைத்து, நீர் நிரப்பி, இரண்டு நாள் விட்டால் தாளில் படும் ஈரம் குறையைக் காட்டிவிடும். கசிந்தால், மீன் தொட்டிக்கென விற்கும் சிலிகானால்தான் ஒட்ட வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை தடுக்கும் சிலிகான் மீனுக்கு நஞ்சு.

மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் பெருகச் சமவெளியில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளிர்நீரில் இன்னும் தாமதமாகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களோடு நிறுத்துவதே நியாயம்.

டேங்க் கிளீனர் என்று விரலளவில் விற்கப்படும் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியில் அடங்காமல் ஏரி குளங்களில் விடப்பட்ட இவ்வகை மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஏற்காட்டுக்குத் தொட்டி வாங்குவோர் இதைத் தவிர்த்துவிட்டு, கண்ணாடியில் படியும் பாசியைக் கையாலேயே சுரண்டிவிடலாம்.