அல்லியின் மணிமுடி எங்கே?

சேதராப்பட்டைச் சூழ்ந்த சீமையிலே தெருக்கூத்து இன்னும் சாகவில்லை. நள்ளிரவில் திரை விலகுகிறது. கையிலே வாள், கண்ணிலே கனல்! அல்லி வருகிறாள். ஆடவரை அலட்சியம் செய்கிறாள். அரியணை ஏறி ஆணையிடுகிறாள். ஊரே நிமிர்ந்து உட்காருகிறது. பொழுது புலரும் வேளையில் அதே அல்லி அர்ச்சுனனுக்கு அடங்கிய மனைவி! இடையிலே நடந்தது என்ன? கேட்பாரில்லை. நாம் கேட்போம்.

மதுரைக்கு ஆண்மகனைப் போல் வளர்ந்த அரசியர் இருவரைக் கற்பனை தந்திருக்கிறது. ஒருத்தி தடாதகை, புலவர் ஏட்டிலே போற்றப்படுபவள். மற்றவள் அல்லி, பாமரர் நாவிலே வாழ்பவள்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதை இது. மலயத்துவச பாண்டியனின் வேள்வித் தீயிலே மூன்று கொங்கைகளோடு ஒரு பெண் தோன்றுகிறாள். மகனுக்குரிய பயிற்சியெல்லாம் அவளுக்கு அளிக்கப்படுகிறது. முடி சூடுகிறாள், எண்திசையும் வெல்கிறாள், கயிலை வரை படை நடத்துகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது கொங்கை மறைகிறது. வில்லேந்திய வீராங்கனை நாணித் தலை குனிகிறாள். பிறகு திருமணம். அதன்பின் மதுரையை ஆள்பவர் யார்? சுந்தரபாண்டியன் என்ற பெயரில் அவள் கணவர்! மறைந்தது கொங்கை மட்டுமா? மணிமுடியும் அல்லவா மறைந்தது!

புகழேந்தியின் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலை வேறு வழி செல்கிறது. அல்லி எவரைக் கண்டும் நாணவில்லை. நாட்டைப் பறித்த நீண்முகனை வீழ்த்தித் தானே ஆண்டவள் அவள். அர்ச்சுனனுக்கும் தலை குனிய மறுக்கிறாள். ஆகவே வஞ்சம் வருகிறது. கண்ணன் துணையோடு பாம்பு வடிவில் பள்ளியறை புகுந்து, உறங்குகிறவள் கழுத்திலே தாலி கட்டுகிறான் அந்த வில்வீரன்! விழித்தவள் வெகுண்டாள், வாளெடுத்தாள், ஆயினும் கதை அவளை அடக்கியே தீர்ந்தது.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். ஒருத்தியிடம் இசைவு பெற்றதாகச் சொன்னார்கள். மற்றவளிடம் இசைவே கேட்கவில்லை. ஒருத்தியைக் கோயிலில் வைத்தார்கள். மற்றவளின் பெயரை, அடங்காத பெண்களை ஏசும் சொல்லாக்கினார்கள். வழிகள் இரண்டு, முடிவு ஒன்று. பெண்ணின் ஆண்மை, மணமேடை வரை மட்டுமே அனுமதிக்கப்பட்ட வேடம்!

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய நோய் அன்று. ஜப்பானியச் சித்திரக்கதை உலகிலும் இத்தகைய இணை ஒன்று உண்டு. 1953இல் தெசுகா ஒசாமு படைத்த சஃபையர், ஆணுக்கே அரசுரிமை என்ற சட்டத்திற்காக இளவரசனாக வேடமிட்டு வாழும் இளவரசி. அவள் கதை மணவிழாவில் முடிகிறது. 1972இல் இகேடா ரியோகோ என்ற பெண் எழுதத் தொடங்கிய 'வெர்சாயின் ரோஜா'வின் ஆஸ்கர், படைத்தலைவரின் மகள், மகனாக வளர்க்கப்பட்டவள். அரண்மனையைக் காத்த அவள், 1789இல் மக்கள் பக்கம் சேர்ந்து பாஸ்டில் சிறையின் முன் உயிர் துறக்கிறாள். அவளிடமிருந்து வாளை எந்தக் கணவனும் வாங்கவில்லை!

நம் மண்ணுக்கும் அத்தகைய மாற்றம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் பிறந்த பாவேந்தர், 'வீரத்தாய்' நாடகத்தில் ஓர் அரசியைக் கிழவர் வேடத்திலே நடமாட விட்டார். அவள் தேடியது மணமகனை அன்று, பறிபோன நாட்டை! பெண்கள் கூந்தலைக் கத்தரிக்கட்டும், ஆடவர் போல் உடுத்தட்டும் என்றார் பெரியார். தஞ்சை மண்ணிலே, இளமையில் கணவனை இழந்த பார்ப்பனப் பெண்ணான மணலூர் மணியம்மை, வேட்டியும் சட்டையும் அணிந்து, கிராப்பு வைத்து, சிலம்பம் பயின்று, உழவர்க்காகப் போராடினார். 1953இல் மறையும் வரை அது வேடமாக இல்லை, வாழ்வாக இருந்தது. புராணம் புனைந்த இருவரும் இந்த ஒருவருக்கு ஈடாவரா?

எனினும் உடையோடு நின்றுவிடுவதா? தடாதகையும் அல்லியும் இழந்தது உடையை அன்று, உரிமையை. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் கலைஞர் ஆட்சி தமிழ்நாட்டில் சட்டம் செய்தது. 2005இல் நடுவண் சட்டத்திருத்தத்தால் புதுச்சேரிப் பெண்களுக்கும் அவ்வுரிமை உறுதியாயிற்று.

தோழர்களே! இன்று சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குச் சட்டை மாட்டிப் பணிக்குச் செல்லும் நம் தங்கையர் உண்டு. அவர்களுள் எத்தனை பேர், திருமணமானதும் பதிவு அலுவலகத்தில் அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுத் தம் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள்? அந்தத் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! உறங்கியவள் கழுத்தில் கட்டிய தாலிக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

அடுத்த கூத்திலே அல்லியைக் கண்டு கைதட்டுமுன், வீட்டிலிருக்கும் அல்லியின் பங்கு எங்கே என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். கொடுத்துவிட்டுக் கைதட்டுவோம்!