சோம்பேறி மொழிக்குக் கணக்கு எழுதியவர்கள்

பி.காம். படிப்பவனுக்கு நிரல்மொழி வரலாற்றில் என்ன வேலை என்று நம் வகுப்பு ஆட்கள் கேட்கப் போகிறார்கள். காரணம் இருக்கிறது. ஹாஸ்கல் என்று ஒரு நிரல்மொழி. அதில் எழுதிய நிரல் எந்த இடத்தில் நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவி செலவைக் கூட்டி வைக்கும் இடத்துக்குப் பெயர் 'காஸ்ட் சென்டர்'. ஆமாம், காஸ்ட் அக்கவுண்டிங்கில் நாம் உருப்போடும் அதே காஸ்ட் சென்டர்தான்! பெயரோடு அதன் பழைய தகராறையும் சேர்த்தே வாங்கி வந்துவிட்டார்கள். இந்தச் செலவை யார் தலையில் எழுதுவது?

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

நிரல் ஓடும்போது உள்ளே நடப்பதை வெளியே எழுதிக் காட்டச் செய்வதுதான் ட்ரேசிங். ஃபங்ஷனல் மொழிகளில் மூத்தது லிஸ்ப். 1958-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கி வைத்தது. 1962-ல் வெளிவந்த லிஸ்ப் 1.5 கையேட்டிலேயே ட்ரேஸ் வசதி இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் போதும். அது அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் உள்ளே போன மதிப்புகளையும் வெளியே வந்த விடையையும் அச்சிட்டுவிடும். 1966-ல் வாரன் டைட்டல்மன் அதே எம்.ஐ.டி.யில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் இன்னொரு படி போனார். ஃபங்ஷனின் உள்ளே கை வைக்காமல், அதன் வாசலில் நமக்கு வேண்டிய கூடுதல் வேலையைப் பொருத்தலாம். இதற்கு 'அட்வைஸ்' என்று பெயர். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்ப்பில் இது சுலபம். முதலில் மதிப்புகளைக் கணக்கிட்டு, பிறகு ஃபங்ஷனை அழைக்கும் மொழி அது. வவுச்சர்கள் தேதி வரிசையில் வந்து சேரும். சிக்கல் ஹாஸ்கலில் ஆரம்பித்தது.

1987-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஒரு மாநாட்டில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1990-ல் ஹாஸ்கலின் முதல் வரையறை வந்தது. அதற்கு இரண்டு குணங்கள். ஒன்று, சுத்தம். ஃபங்ஷன் விடையை மட்டும்தான் தர வேண்டும். திருட்டுத்தனமாக வேறு எதுவும் செய்யக் கூடாது. இரண்டு, சோம்பேறித்தனம். நான் திட்டவில்லை, அவர்களே 'லேசி' என்றுதான் சொல்கிறார்கள் :-) யாராவது விடையைக் கேட்கும்வரை எந்தக் கணக்கையும் போடாது.

இந்த இரண்டுமே ட்ரேசிங்கின் எதிரிகள். திரையில் ஒரு வரி எழுதுவதே சுத்தத்துக்கு விரோதம். அதனால் ஹாஸ்கலில் உள்ள 'ட்ரேஸ்' ஒரு பொய் சொல்கிறது. வெளித்தோற்றத்தில் அது ஒரு வாசகத்தையும் ஒரு மதிப்பையும் வாங்கிக்கொண்டு, அந்த மதிப்பை அப்படியே திருப்பித் தருகிற பரம சாது. பின்பக்கமாக அந்த வாசகத்தை அச்சிட்டுவிடுகிறது. நம் பாஷையில் சொன்னால், கணக்கில் காட்டாத பரிவர்த்தனை! அதன் ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது. போதாக்குறைக்கு, வரிகள் நாம் எழுதிய வரிசையில் வராது. விடை கேட்கப்பட்ட வரிசையில் வரும். யாரும் கேட்கவில்லை என்றால் வரவே வராது.

நேர்மையான வழியும் பிறந்தது. எத்தனை படிகள் நடந்தன என்று எண்ண வேண்டும் என்றால், சுத்தமான மொழியில் ஒவ்வொரு அழைப்பையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். எல்லா அழைப்புகளும் 'மோனாட்' என்ற ஒரே அமைப்பின் வழியாகப் போகும்படி முன்பே எழுதிவிட்டால், அந்த அமைப்பில் மட்டும் சிறு மாற்றம் செய்தால் போதும் என்று 1992-ல் ஃபிலிப் வாட்லர் காட்டினார். ஆனால் ஏற்கெனவே எழுதி முடித்த நிரல் மெதுவாக ஓடினால்? அதற்கு இது மருந்தில்லை.

இங்கேதான் நம் பாடம் உள்ளே வருகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சான்சம், சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் இருவரும் செய்த வேலை 1995-ல் கட்டுரையாக வந்தது. நிரலில் வேண்டிய இடங்களுக்குக் காஸ்ட் சென்டர் என்று பெயர் சூட்டிவிட வேண்டும். ஆகும் நேரத்தையும் பிடிக்கும் நினைவகத்தையும் அந்தப் பெயரில் பற்று எழுத வேண்டும்.

கேட்க எளிது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு லட்சம் கணக்குகளுக்கு வட்டி போடும் பகுதி ஒன்று, அறிக்கை அச்சிடும் பகுதி ஒன்று. சோம்பேறி மொழியில் வட்டிப் பகுதி 'பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்று ஒரு சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அறிக்கை அச்சிடும்போதுதான் விடை தேவை, அப்போதுதான் வேலை நடக்கும். சாதாரண கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அச்சிடும் பகுதிதான் மந்தம் என்று தெரியும். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை!

சான்சம், பெய்ட்டன் ஜோன்ஸின் தீர்வு, சீட்டு எழுதும்போதே அதன் மேல் காஸ்ட் சென்டர் பெயரையும் குறித்துவிடுவது. வேலை எப்போது நடந்தாலும், யார் கேட்டதால் நடந்தாலும், செலவு சீட்டில் உள்ள பெயருக்கே போகும். நமக்கு இது புதிதா? மார்ச் மாத வாடகையை ஏப்ரலில் கொடுத்தாலும் மார்ச் கணக்கில்தானே எழுதுகிறோம்? பணம் கைமாறிய நேரத்தைப் பார்க்காமல், செலவு எதற்கு உரியது என்று பார்க்கும் அக்ரூவல் முறையின் நெருங்கிய சொந்தம் இது.

அடுத்த தகராறு, பல பேர் பயன்படுத்தும் பொது ஃபங்ஷன். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவின் செலவை உற்பத்திப் பிரிவுகளுக்குப் பிரித்துப் போடுகிறோமே, அதே கதை. 1998-ல் மோர்கன், ஜார்விஸ் இருவரும் ஒற்றைப் பெயருக்குப் பதில், யார் வழியாக யார் அழைத்தார்கள் என்ற பெயர் அடுக்கையே வைத்துக்கொள்ளும் முறையை வெளியிட்டார்கள். இன்று ஹாஸ்கலின் முக்கிய கம்பைலரான ஜி.எச்.சி. தரும் அறிக்கையில் சொந்தச் செலவுக்கு ஒரு பத்தி, தனக்குக் கீழே உள்ளவர்களின் செலவையும் சேர்த்து இன்னொரு பத்தி.

செலவு தவிர, மதிப்புகளைப் பார்க்கவும் ஆசை உண்டே? 2000-ல் ஆண்டி கில் 'ஹூட்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அது பட்டியலைக் காட்டும்போது இதுவரை கணக்கிடப்படாத இடத்தில் ஒரு அடிக்கோடு மட்டும் போடும். வேடிக்கை பார்ப்பதற்காக வேலையைக் கட்டாயப்படுத்தாது. நல்ல ஆடிட்டரின் லட்சணம்.

ஆனால் கணக்கெழுத்தே தொழிலைக் கெடுக்கும் ஆபத்து பாக்கி இருந்தது. தானாக நட்டுவைக்கும் காஸ்ட் சென்டர்கள் கம்பைலரின் வேகப்படுத்தும் வேலைகளுக்குக் குறுக்கே நிற்கும். அப்போது நாம் அளப்பது உண்மையில் ஓடும் நிரலை அல்ல, அதன் மெதுவான ஒன்றுவிட்ட தம்பியை. 2022-ல் வந்த ஜி.எச்.சி. 9.4-ல் இதற்கும் ஒரு வழி செய்தார்கள். வேகப்படுத்தும் வேலைகள் முடிந்த பிறகு காஸ்ட் சென்டர்களை நட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? 1971-ல் டொனால்ட் நூத் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று எழுதினார். அந்தச் சிறு பகுதியைத் தவறவிட்டு வேறொன்றைச் சரிசெய்தால் மாதக்கணக்கான உழைப்பு வீண். லாபம் தரும் பிரிவின் தலையில் ஓவர்ஹெட்டைக் கட்டி, அதை இழுத்து மூடும் முதலாளியின் நிலைதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்குபவர்கள் கவனத்துக்கு: செலவைச் சரியான பெயரில் எழுதுவது எப்படி என்று கணினி ஆட்கள் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அதைச் சிலபஸிலேயே வைத்திருக்கிறார்கள்.